வலது முட்டின்னா ஏத்து

நாட்டு மக்கள் அனைவரும் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு ஒன்று, மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வெளியானது. வெளியிட்டவர் இசைக்குழுத் தலைவர். வெளியான இடம் டயர் கடைக்கு மேலே இருந்த ஒத்திகை அறை. சத்தம் வெளியே போகக்கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். பாதி அட்டை உரிந்து தொங்கியது. சத்தம் வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருந்தது. தலைவர் எழுந்தார், செருமினார், மைக் அணைந்திருந்தபோதும் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அது இல்லாமல் அவருக்கு வாக்கியம் வராது.

"நம்ம குழுவோட வரலாற்றுல இது ஒரு பொன்னாள். அந்தப் பெரிய ஓட்டல்காரங்க நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. வரவேற்புக் கூடத்துல வாராவாரம் வாசிக்க ஆள் வேணுமாம். மேனேஜர் நேர்ல கேட்டுட்டு முடிவு சொல்வார். இதுவரைக்கும் கல்யாணத்துல வாசிச்சோம், திறப்பு விழாவுல வாசிச்சோம், செருப்புக்கடை தள்ளுபடியில வாசிச்சோம். இனிமே ஏசியில வாசிக்கறோம்."

ட்ரம்ஸ்காரன் ஒரு தட்டு தட்டி ஆமோதித்தான். வரலாறு அங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். தலைவர் மைக்கைக் கைமாற்றினார்.

"நாலுகம்பி. உன் சத்தம் சரியில்ல."

நாலுகம்பி என்பது பேஸ் கிட்டார் வாசிப்பவரின் பெயர். அப்பா அம்மா வைத்தது வேறு. அதை ரேஷன் கார்டு மட்டும் நினைவு வைத்திருந்தது. பேஸ் கிட்டாரில் தாம்புக்கயிறு மாதிரி நாலு கம்பி. பாட்டுக்கு அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி கும் கும் என்று போகிற சத்தம் அதனுடையது. கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது நின்றுவிட்டால் மட்டும் பாட்டில் ஏதோ சரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று அதை வாசிக்கிறவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு நாள் தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து பேசற மாதிரி வருது. இன்னொரு நாள் வீடு இடிக்கற மாதிரி வருது. போன கல்யாணத்துல பொண்ணோட தாத்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். ஓட்டலுக்கு அந்த ஓட்டைக் கிட்டாரும் தகர ஆம்பும் ஆகாது. தரமா வாங்கிட்டு வா. இல்லன்னா..."

அவர் 'இல்லன்னா'வை முடிக்கவில்லை. முடித்து வைத்தது கீபோர்டு வாசிக்கிற பையன். அவன் தன் இடது கையைத் தூக்கி, புதுசாக வாங்கியதைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"என் இடது கை சும்மாத்தான் இருக்கு லீடரே. பேஸையும் இதுலயே போட்டுடலாம். ஆள் மிச்சம், வேன்ல இடமும் மிச்சம்."

மூலையில், கழுத்தில் அளவு நாடாவோடு கிட்டார்காரனின் தோளை அளந்துகொண்டிருந்தவள் நாலுகம்பியின் மனைவி. அவள் தையல்காரி. குழு மேடையில் மாட்டிக்கொள்ளும் மினுமினுப்பு கோட்டுகள் அவள் தைத்தவை. அன்று அவள் அளந்த தோள் இரண்டு அங்குலம் கூடிப்போனது. அதனால்தான் கிட்டார்காரனின் கோட்டு இன்றைக்கும் ஹேங்கரில் தொங்குவது மாதிரியே அவன்மேல் தொங்குகிறது.

*

அவளுக்கு விஷயம் முன்னமே தெரியும். கிட்டாரில் கோளாறு இல்லை, அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் பெட்டியிலும் இல்லை.

போன வெயில் காலத்தில் இருவரும் டாக்டரிடம் போயிருந்தார்கள். டாக்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து பீப் பீப் என்று என்னவெல்லாமோ போட்டுப் பார்த்தார். "பொதுவா எல்லாருக்கும் மெல்லிசான கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். உங்களுக்கு அடிச்சத்தம் முதல்ல போகுது. அபூர்வம்," என்றார், பரிசு கொடுக்கிற முகத்தோடு. நரம்பு விஷயமாம். போனது வராதாம். இன்னும் போகுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலுகம்பி வாயைத் திறந்தார். "அபூர்வம்கறான். ஆனா ஃபீஸ் மட்டும் எல்லாருக்கும் வாங்கறதையே வாங்கறான்."

அவள் சிரித்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆம்ப் பழசாயிடுச்சு. அதான் சத்தம் தெளிவா வரல," என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமாங்க," என்றாள்.

அந்த ஒரு 'ஆமாங்க'வோடு அந்த வீட்டில் காது என்ற சொல் புழக்கத்திலிருந்து போயிற்று. ஊசியின் காதைக்கூட அவள் ஊசி ஓட்டை என்று சொல்லப் பழகிக்கொண்டாள். கப்பின் காது பிடியாயிற்று. யாராவது அக்கம்பக்கத்தார் வந்து, "காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு சேதி," என்று ஆரம்பித்தால், பால் பொங்குது என்று உள்ளே ஓடினாள்.

ஒரு வசதி இருந்தது. மேல் சத்தமெல்லாம் அவருக்குச் சுத்தமாகக் கேட்டது. கரண்டி விழுவது கேட்டது. தெருக்கோடியில் சைக்கிள் மணி கேட்டது. அவள் திட்டுவது ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அதனால் வெளியாட்கள் யாரும் சந்தேகப்படவில்லை. குழுவில் எல்லோரும் அவருக்குக் கருவிதான் சரியில்லை என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இப்போது அவர் வேலைக்கு இருந்த ஒரே ஆதாரம். கருவியை மாற்றியும் சத்தம் சரியாகவில்லை என்றால் அடுத்து எதை மாற்றுவார்கள் என்பது கீபோர்டுப் பையனின் இடது கைக்குக்கூடத் தெரியும். அவருக்கு வேறு வேலையும் தெரியாது. ஒரு தடவை சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொன்னதில் அதைத் தான் போட்டிருந்த பேண்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் அவர் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. தைத்து முடிக்காத துணிகள் ஈரவாடை அடித்தன.

"நல்ல ஆம்பா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்," என்றார் கிழங்கைப் பார்த்து.

"வாங்கிடலாம்."

"மேடையில நிக்கறவனுக்குத் தன் சத்தம் சரியாத் தெரியாதுடி. அடிச்சத்தம் தள்ளிப் போய்த்தான் விரியும். எதிர்ல உக்காந்து கேக்கறவங்களுக்குத்தான் தெரியும். இது இந்தத் தொழில்ல இருக்கறதுதான். யாரை வேணாலும் கேளு."

"நான் ஏன் யாரையோ கேக்கறேன். நான் எதிர்ல உக்காந்துக்கறேன்."

அவர் கிழங்கை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கண் கொஞ்சம் பளபளத்தது. கிழங்கு சூடாக இருந்தது என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஏற்பாடு முடிவாயிற்று. அவள் எதிரில் உட்காருவாள். மடியில் அவளுடைய கைப்பை இருக்கும். பை வலது முட்டிமேல் இருந்தால் சத்தத்தை ஏற்று. இடது முட்டிமேல் இருந்தால் இறக்கு. நடுமடியில் இருந்தால் பேசாமல் வாசி. ராணுவத்தில்கூட இவ்வளவு சுருக்கமாகச் செய்தி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஓவர்லாக் மெஷினை அவள் பக்கத்துத் தெருக்காரிக்கு விற்றுக் காசாக்கிவிட்டாள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. அது போனால் ஓரமெல்லாம் கையால்தான் தைக்கவேண்டும். "கையால தைச்சாத்தான் அழகு," என்றாள் அவள். எந்தத் தையல்காரியும் நம்பாத வாக்கியம்.

*

முதலில் பெரிய ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு தானே திறந்தது. உள்ளே கிட்டார்களை வரிசையாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனி விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் வீட்டில் மொத்தமே ரெண்டு விளக்கு. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனைப் பையன் ஒருவன், கிட்டாரைத் தொடுமுன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். தொட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், இதோட டோன் இருக்கே. வெதுவெதுப்பா ஆரம்பிக்கும். நடுவுல கொஞ்சம் தேன். முடியும்போது மரவாசனை."

"இது கிட்டாரா, இருமல் மருந்தா தம்பி?" என்றாள் அவள்.

"மேடம், இதெல்லாம் உணர்ற விஷயம். காது உள்ளவங்களுக்குத்தான்..."

"விலையை மட்டும் சொல்லுப்பா," என்று அவள் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

பையன் சொன்னான். இருவரும் அந்தக் கிட்டாருக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றார்கள்.

ஆனால் அங்கே ஒன்று பார்த்தாள். நாலுகம்பி ஒவ்வொரு கிட்டாராக வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டி, குறுக்கே பதித்த உலோகக் கட்டை ஏதாவது கீறுகிறதா என்று பார்த்தார். திருகைத் திருகினார். கம்பியை அழுத்தி ஒவ்வொரு கட்டையாக ஏறி இறங்கினார். "இது பளபளப்புதான். கழுத்து முறுக்கிக்கிட்டு நிக்குது. ஆறு மாசத்துல வில்லாயிடும்," என்றார். விரலுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆம்பில் சொருகி வாசிக்கும்போதுதான் முகம் காலியாகப் போயிற்று. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் முகம்.

பையன் ஆம்ப் பக்கம் திரும்பினான். "இது முன்னூறு வாட் சார். நீங்க என்ன மாதிரி இடத்துல வாசிப்பீங்க?"

"செருப்புக்கடையில," என்றார் நாலுகம்பி. இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கதவு அதுக்கும் தானே திறந்தது.

*

பழைய சாமான் கடை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் தொங்குகிற கிட்டார்கள் தாமாக முனகின. கடைக்காரர் ஒரு ரேடியோவின் வயிற்றைப் பிளந்துவைத்து அதன்மேல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேஸா? உக்காருங்க. புதுசு வாங்கறவன் ஏமாளி, பழசு வாங்கறவன் புத்திசாலி."

"பழசு விக்கறவன்?" என்றாள் அவள்.

"அவன் பாவம்மா. டீ குடிச்சே சாகறான்."

கிட்டார் சீக்கிரம் அமைந்துவிட்டது. ஒரு பழுப்புக் கிட்டார். முதுகெல்லாம் யாரோ பெல்ட் கொக்கியால் கீறியிருந்தார்கள். நாலுகம்பி கழுத்தைப் பார்த்தார், விரலை ஓட்டினார், அவர் தோள் இறங்கியது. ஓட்டமாய் ஓடிவந்தவர் உட்கார்ந்த மாதிரி. "இதுதான்," என்றார். கீறலைக் காட்டி அவள் விலையைக் குறைத்தாள். கீறலா, அது அனுபவம் என்றார் கடைக்காரர். அப்ப அனுபவத்தை நீங்களே வெச்சுக்குங்க, கிட்டாரை மட்டும் குடுங்க என்றாள்.

ஆம்ப்தான் பாடாகப் படுத்தியது. ஏழெட்டுப் பெட்டி இருந்தது. நாலுகம்பி ஒவ்வொன்றிலும் சொருகி வாசித்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து பையை முட்டிக்கு முட்டி மாற்றினாள். கடைக்காரருக்கு அது வினோதமாக இருந்திருக்கவேண்டும்.

"அம்மாவுக்கு முட்டி வலியா?"

"ஆமா. மழைன்னா வரும்."

முதல் பெட்டி கொரகொரத்தது. "நூல் தொங்குது," என்றாள். அடுத்தது பெரிய பெட்டி, ஐநூறு வாட் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. தூக்கிப் பார்த்தால் காற்றாக இருந்தது. "உள்ள காந்தமே இல்ல போல. எழுத்துதான் கனம்," என்றார் நாலுகம்பி. மூன்றாவது வாசிக்கும்போது கருகல் வாடை வந்தது. கடைக்காரர் அது தன் டீ என்றார். இன்னொன்று நன்றாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதற்குப் போட்டிருந்த உறை அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தது என்பதால் அப்படித் தோன்றியதா என்று அவளுக்கே சந்தேகம். அவளுக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. துணி தெரியும். கடைசியில், தாழ்வாக, சதுரமாக, கறுப்பாக ஒரு பெட்டி. அதில் வாசித்தபோது சத்தம் கெட்டியாக, ஓரம் பிரியாமல் வந்தது. அவள் பையை நடுமடியில் வைத்தாள்.

அவர் நம்பாமல் அவளையே பார்த்தார். அவள் பையின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் இதுல ஒரு குறை வராது," என்றார் கடைக்காரர். "வந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"பேரை மாத்திக்கிட்டா அப்புறம் உங்களை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கறது?" என்றாள். ஆனாலும் வாங்கினார்கள். மழையில் பெட்டிக்கு அவளுடைய மழைக்கோட்டைப் போர்த்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நனைந்தபடி நடந்தார்கள்.

வீட்டில் ஒத்திகை. அவர் வாசித்தார், அவள் பையை மாற்றினாள். இடது முட்டி, இடது முட்டி, இன்னும் இடது முட்டி. பை இடது முட்டியிலேயே குடியிருந்தது. இறக்கிவிட்டுத் திருகிலிருந்து கையை எடுப்பதற்குள் அவர் மறுபடி ஏற்றிவிடுவார். ஏற்றினால்தான் அவருக்குக் கொஞ்சமாவது கேட்கிற மாதிரி இருந்தது. கீழ் வீட்டுக்காரர் கூரையைத் துடைப்பக்கட்டையால் இடித்தார். அந்த இடியும் அடிச்சத்தம், அதனால் அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு தரம் அவர் நிறுத்திவிட்டு, குனிந்து, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு கையால் கம்பியைத் தட்டினார். அப்புறம் கன்னத்தை வைத்தார். அப்படியே இருந்தார்.

"தண்ணி சொட்டறது கேக்குதுடி," என்றார். "நீ கத்திரிக்கோல் வைக்கறது கேக்குது. கீழ அந்த ஆள் பொண்டாட்டி அவனைக் கேவலமாத் திட்டறா, அதுகூடக் கேக்குது. நான் வாசிக்கறது மட்டும்தான்..."

அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை. ஊசி ஓட்டை எங்கேயோ நகர்ந்துகொண்டே இருந்தது.

"எனக்குக் கேக்குதுங்க," என்றாள்.

*

ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் ஒரு மரத்தை வளர்த்து அதைக் கூரையோடு நிறுத்தியிருந்தார்கள். சோபாக்கள் அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும். ஓரத்தில் குழுவுக்கு ஒரு மேடை, மேடை என்றால் ஒரு சாண் உயரப் பலகை. அதையொட்டி ஒரு மேஜையில் காபி மெஷின். சுவரில் ஒரே ஒரு பிளக் ஓட்டைதான் அங்கே மிச்சம். அதில் நாலுகம்பியின் பெட்டியைச் சொருகினார்கள். பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திருகுகள் பெட்டியின் உச்சியில். விளக்கு முன்பக்கம், கேட்பவர்களைப் பார்த்து. பின்னால் நின்று வாசிக்கிறவருக்கு விளக்கு தெரியாது.

அவள் நேர் எதிரே உட்கார்ந்தாள். மடியில் பை. தலைவர் அவள் தைத்த கோட்டில் மினுமினுத்துக்கொண்டு, மேனேஜரிடம் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "தரத்துல நாங்க சமரசமே பண்ணிக்கறதில்ல சார். எங்க பேஸ் கலைஞர் இந்த நிகழ்ச்சிக்காகவே புது ஆம்ப் இறக்கியிருக்கார்." இறக்கியது பழைய சாமான் கடையிலிருந்து என்பதை அவர் சொல்லவில்லை. மேனேஜர் கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டு, "எங்க விருந்தினர்கள் பேசிக்கிட்டிருப்பாங்க. இசை இருக்கணும், ஆனா இருக்கறது தெரியக்கூடாது," என்றார். தலைவர் இதைவிட ஆழமான தத்துவத்தை வாழ்நாளில் கேட்டதில்லை என்பது மாதிரி தலையாட்டினார். பிறகு மேனேஜர் பரிசாரகனைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். காபி என்று அர்த்தம்.

பரிசாரகன் நல்ல பையன். காபி மெஷினுக்குப் பிளக் தேடினான். இருந்த ஒன்றில் ஏதோ சொருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் எண்ணிவிட்டார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

பாட்டு ஆரம்பித்தது. நாலுகம்பியின் விரல்கள் கம்பியில் ஓடின. சத்தம் எதுவும் வரவில்லை. பாட்டு கீழே ஒன்றும் இல்லாமல் ஆகாயத்தில் நொண்டியது. நாலுகம்பி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

கரண்டு இல்லை என்று சொல்ல அந்தப் பையில் வழி இல்லை. வலது, இடது, நடு. மூன்றுதான் பேசி வைத்திருந்தார்கள். எழுந்து போய்ச் சொன்னால், தன் பெட்டி அணைந்ததுகூடத் தெரியாமல் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று மேனேஜருக்கும் தலைவருக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். அவள் கைதான் முடிவெடுத்தது. பையை வலது முட்டிமேல் வைத்தாள். அவர் குனிந்து பார்ப்பார், எப்படியாவது புரிந்துகொள்வார் என்று.

அவர் புரிந்துகொண்டார். ஏற்றினார்.

அவள் பையை வலது முட்டியிலேயே அழுத்தினாள், ஆட்டினாள், குத்தினாள். அவர் இன்னும் ஏற்றினார். பிறகு திருகு போகிற வரைக்கும் ஏற்றினார்.

அந்த நேரம் கீபோர்டுப் பையன் பெட்டியைப் பார்த்தான். நாலுகம்பியைப் பார்த்தான். எதிரே வலது முட்டிமேல் பையை வைத்து அடித்துக்கொண்டிருக்கிற அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவன் இடது கையைக் கீழே இறக்கினான். கும், கும் என்று அடிச்சத்தம் பாட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அளவாக, மென்மையாக, இருப்பது தெரியாமல். பலகை லேசாக அதிர்ந்தது.

அந்த அதிர்வு நாலுகம்பியின் காலுக்கு ஏறியிருக்கவேண்டும். அவர் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் அவள் பார்த்த முகம். திருகு வேலை செய்துவிட்டது என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் திறக்கவே இல்லை. அவள் பையை இடது முட்டிக்கு மாற்றி என்ன, தலையில் வைத்துக்கொண்டாலும் பார்க்க ஆளில்லை.

மேனேஜரின் காபி தயாராகிவிட்டது. பரிசாரகன் நல்ல பையன் என்று சொன்னேன் இல்லையா. பிடுங்கியதைத் திரும்பச் சொருகவேண்டும் என்று அவனுக்கு நினைவு வந்துவிட்டது. காபி மெஷினின் பிளக்கில் கையை வைத்தான். திருகு உச்சியில் நிற்கிறது. பெட்டிக்குக் கரண்டு வந்தால் என்ன ஆகும் என்று கீழ் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அவள் எழுந்தாள். அந்த சோபாவிலிருந்து ஒரே எழுச்சியில் எழுந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"தம்பி! ஒரு காபி."

"இதோ மேடம்." கை பிளக்கை விட்டது.

அவள் காபி குடிப்பதில்லை. குடித்தால் நெஞ்சு படபடக்கும். குடித்தாள். சுடச்சுட, கண்ணில் தண்ணீர் வர. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது ஆரம்பித்தது. பையன் மறுபடி பிளக்கிடம் போனான்.

"இன்னொண்ணு குடுப்பா."

"சர்க்கரை போடவா மேடம்?"

"போடு. இல்ல, போடாத. ஒண்ணு போட்டு, ஒண்ணு போடாம."

"ரெண்டா?"

"ரெண்டுதான். மெதுவாப் போடு. அவசரமே இல்ல."

மேஜையை ஒட்டி நின்று, பையின் பிடியைக் கையில் முறுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். நெஞ்சில் ட்ரம்ஸ்காரன் தனியாக ஒன்று வாசித்துக்கொண்டிருந்தான். இன்னொரு பாட்டு. இன்னொரு காபி. "உங்க ஓட்டல் காபி மாதிரி நான் எங்கயுமே குடிச்சதில்லப்பா," என்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரே சுத்தமான உண்மை அதுதான். வெளியே அவள் எங்கேயுமே காபி குடித்ததில்லை. பரிசாரகனுக்கு மனசு குளிர்ந்து, கேட்காமலே இன்னொன்று போட்டான். முறுக்கின முறுக்கில் பையின் பிடி பட்டென்று அறுந்து கையோடு வந்தது.

கடைசிப் பாட்டு முடிந்தது. நாலுகம்பி கண்ணைத் திறந்தார். மேனேஜர் கை தட்டினார். இரண்டு விரலை மட்டும் உள்ளங்கையில் தட்டுகிற நாகரிகமான தட்டு.

"அந்த அடிச்சத்தம்தான் எனக்குப் பிடிச்சது," என்றார். "பேசறவங்களுக்குத் தொந்தரவே இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து வந்துடுங்க."

தலைவர் நாலுகம்பியைக் கட்டிக்கொண்டார். "சொன்னேன்ல? தரமான பொருளுக்கு ஈடே கிடையாதுய்யா! நேத்துவரைக்கும் இடி, இன்னைக்குப் பாரு, பட்டு."

அவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது கீபோர்டுப் பையன் ஒயரைச் சுருட்டுகிற மாதிரி மேஜைப் பக்கம் வந்தான்.

"எவ்வளவு நாளாக்கா?" என்றான் மெதுவாக.

அவள் அறுந்த பிடியைப் பைக்குள் திணித்தாள். உடம்பில் பாதிக்குமேல் காபி.

"சொல்லமாட்டேன்க்கா. சொன்னா எனக்கும்தான் ஓட்டல் போயிடும், அஞ்சு பேர்னுதான் பேசியிருக்காங்க." அவன் ஒயரைச் சுருட்டினான். "அண்ணன் வாசிக்கட்டும். பெட்டியும் இருக்கட்டும். கரண்டு மட்டும் வேணாம். விளக்கு எரியலன்னு யாராவது கேட்டா பல்ப் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"உனக்கு?"

"அண்ணன் பங்குல பாதி." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு கையும் வேலை செய்யுதுக்கா. வயிறும் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு வீட்ல."

அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

மழை விட்டிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கனத்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"நீ வலது முட்டி காட்டினது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா? ஏத்தினேன் பாரு, காலுக்கே வந்துடுச்சு. அப்படியே தரையெல்லாம். எவ்வளவு நாளாச்சுடி. இதுக்குத்தான் சொன்னேன், ஆம்ப்தான் பிரச்சினைன்னு."

"ஆமாங்க."

"எப்படி இருந்துச்சு? எதிர்ல?"

"நல்லா இருந்துச்சுங்க."

பெட்டியை ஒரு சுவரோரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அவர் அப்போதுதான் அவள் பையைப் பார்த்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பைக்கு என்னாச்சு?"

"காது போயிடுச்சுங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவர் அது போகும் திசையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியின் தன் பக்கத்தைப் பிடித்தார்.

"தச்சுக்கலாம்," என்றார். "தூக்கு."

அவள் வாராவாரம் ஓட்டலுக்குப் போகிறாள், பாட்டு தொடங்குமுன் மேஜையோரம் நின்று பிளக்கைப் பிடுங்குகிறாள், காபி குடிக்கிறாள். கடைக்காரர் சொன்ன ஒரு வருஷம் முடிந்துவிட்டது. ஆம்பில் ஒரு குறையும் வரவில்லை.